கழிக்கரையின் கல்தூண் பந்தல்: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கத்திற்குரிய ஐயா,

ஸ்பெயின் நாட்டின் கலீசியக் கடற்கரைத் திராட்சையைப் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். சூளகிரிக்கு அருகே ஒன்றரை ஏக்கரில் பெங்களூர் ப்ளூ திராட்சைப் பந்தல் வைத்திருக்கிறேன். குடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. கொடியைப் பற்றித்தான் கேட்கிறேன். அங்கே ஆண்டுக்கு 1600 மில்லிமீட்டர் மழை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே அதில் பாதிதான் பெய்கிறது. ஆனாலும் காய் பிடித்த பிறகு பத்து நாள் மூட்டம் போட்டால், இலையின் அடியில் பூஞ்சை படரும் அடிச்சாம்பல் நோய் வந்து குலைகள் வீணாகின்றன. இரண்டு பங்கு மழையில் அவர்கள் எப்படி நல்ல பழம் எடுக்கிறார்கள்? அந்தத் திராட்சையின் ஒயினில் இருப்பதாகச் சொல்லப்படும் உப்புச் சுவை கடலிலிருந்து வருவதா? அங்குள்ள அல்பரீன்யோ இரகத்தின் கன்று தருவதாக ஒரு நாற்றங்கால்காரர் சொல்கிறார். வாங்கி நடலாமா?

சூளகிரி வட்டத்திலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மழையின் அளவைச் சொல்லிவிட்டு, அது எந்த மாதங்களில் பெய்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டது என் கட்டுரையின் குறை. உங்கள் முதல் கேள்விக்கான விடையில் பாதி அதில்தான் இருக்கிறது.

ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குள் கடல் ஏறி நிரம்பியதால் உண்டான நீண்ட கழிகளைக் கலீசியர் ‘ரியா’ என்பார்கள். தெற்கே உள்ள அத்தகைய கழிகளின் கரைகளே ரியாஸ் பைஷாஸ் என்னும் ஒயின் வட்டாரம். அட்லாண்டிக் மாகடலிலிருந்து வரும் மழை அங்கே இலையுதிர்காலத்தில் தொடங்கிக் குளிர்காலம் முழுதும் கொட்டி, வசந்தம் வரை நீள்கிறது. அதில் பெரும்பகுதி பெய்யும்போது கொடி இலையுதிர்த்து உறங்கிக்கொண்டிருக்கும். காய் பருத்துப் பழுக்கும் ஜூலையும் ஆகஸ்டும் ஆண்டிலேயே மழை குறைந்த மாதங்கள். அறுவடை செப்டம்பரில் நடக்கிறது. நமக்கு 800 முதல் 900 மில்லிமீட்டருக்குள் பெய்வது குறைவான மழைதான். ஆனால் குளிர்காலக் கவாத்தின் பழம் ஏப்ரல், மே மாதங்களில் முற்றும்போது கோடை மழையும் ஆலங்கட்டியும் வருகின்றன. கோடைக் கவாத்தின் பழம் ஆகஸ்டு, செப்டம்பரில் முற்றும்போது பருவமழை வலுக்கிறது. உங்கள் கொடிக்கு உறக்கமே கிடையாது. எந்த மழை வந்தாலும் அது விழித்திருக்கும்போதுதான் வருகிறது.

மீதிப் பாதி விடை மண்ணிலும் பந்தலிலும் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரர் ஒருவருக்கு அதை விளக்குவது எனக்கு எளிது. அந்தக் கரை பெரும்பாலும் கருங்கல் நிலம். கல் இற்று உதிர்ந்து உண்டான சரளை மணல் மேலே கிடப்பதால், எவ்வளவு மழை பெய்தாலும் நீர் வேரடியில் தேங்காமல் இறங்கிவிடுகிறது. (நம் பகுதிப் பாறைகளில் பெரும்பகுதியை வணிகர்கள் கிரானைட் என்று விற்றாலும், நிலவியலாளர்கள் அவற்றை நைஸ், சார்னோகைட் ஆகிய வகைகளில் சேர்ப்பார்கள், அங்கே இருப்பது உண்மையான கிரானைட்.) ஈரத்தில் மரத்தூண் மக்கிவிடும் என்பதாலும் கல்லுக்குப் பஞ்சமில்லை என்பதாலும் அவர்கள் கருங்கல்லைப் பிளந்து தூணாக நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு மேல் கொடியைப் படரவிடுகிறார்கள். பர்கூர், ஜெகதேவிப் பக்கம் கல்லுக்கால் நட்ட வேலியும் பந்தலும் பார்த்து வளர்ந்த எவரும், அங்குள்ள கம்பாதோஸ் ஊரின் திராட்சைத் தோட்டப் படத்தைப் பார்த்தால் ஒரு கணம் நம் ஊர் என்றே நினைப்பார்கள்.

ஆனால் தோற்றம்தான் ஒன்று. நம் பந்தலின் இலைக்கூரை முதன்மையாக வெயிலுக்காக ஏற்பட்டது. ஏப்ரல் வெயில் நேராகப் பட்டால் பழம் வெந்துவிடும் என்பதால் குலைகளை நிழலில் தொங்கவிடுகிறோம். அவர்களுடைய பந்தல் ஈரத்துக்காக ஏற்பட்டது. தரையின் ஈரத்திலிருந்து குலையை விலக்கி மேலே தூக்கிவிட்டால், கழியிலிருந்து வரும் காற்று அடியில் தடையின்றி ஓடி, காலைப் பனியை இலையிலிருந்தும் பழத்திலிருந்தும் உலர்த்திவிடுகிறது. அதனால் வெளிச்சமும் காற்றும் புகுமாறு இலைகளை நீக்கிக் கூரையை மெலிதாகவே வைத்திருக்கிறார்கள். அல்பரீன்யோவின் தடித்த தோலும் துணை செய்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பாகம் பிரிந்து துண்டுதுண்டான காணிகள் என்பதால், பந்தலுக்கடியில் உருளைக்கிழங்கும் கோசும் பயிரிட்ட குடும்பங்களும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் அங்கே நோய் வராமல் இல்லை. மருந்து தெளிக்கத்தான் செய்கிறார்கள். நீங்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துத் தெளிக்கும் போர்டோ கலவையின் பெயரே இன்னொரு கடற்கரை ஒயின் வட்டாரத்தின் பெயர்தான். பிரான்சின் போர்டோவில், வழிப்போக்கர் பழம் பறிக்காதிருக்கச் சாலையோரக் கொடிகளில் இக்கலவையைப் பூசிவைத்தார்கள். பூசிய கொடிகள் மட்டும் அடிச்சாம்பல் நோய்க்குத் தப்பி நின்றதைக் கவனித்த தாவரவியலாளர் மில்லார்தே, ஆய்வுசெய்து 1885இல் அதை வெளியிட்டார். இக்கலவையிலுள்ள செம்பு மண்ணில் தங்கிச் சேரும் என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் இப்போது ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது. கணக்கில்லாமல் தெளிக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது எனக்குக் கவலை தருகிறது.

உப்புச் சுவையைப் பற்றிய கேள்வி அருமையானது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பேறியபோது கொடி என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும்: இலையோரம் கருகும், குலை சிறுக்கும். அதைத் தாங்குவதற்காகத்தான் டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி நடுகிறார்கள். ஆகவே உப்பு வேர்வழி ஏறுவது கொடிக்குத் துன்பம். அதுவே நல்ல சுவையைத் தருகிறது என்று நான் எழுத மாட்டேன். அந்தக் கரையின் மண்ணையோ குளிர்கால மழை கழுவிக்கொண்டே இருக்கிறது. காற்று கொண்டுவரும் உப்புத்திவலை பழத்தோலில் கொஞ்சம் படியலாம். ஆனால் நாவில் தெரியும் அந்தக் கூர்மைக்கு முதன்மைக் காரணம் புளிப்பு என்றே கருதுகிறேன். தண்ணீர் மெல்லச் சூடேறி மெல்லக் குளிர்வதால், கடல் கோடையின் வெப்பத்தைத் தணித்தும் குளிர்காலத்தின் கடுமையைக் குறைத்தும் வைக்கிறது. மிதமான வெப்பத்தில் மெதுவாகப் பழுக்கும் பழம் தன் அமிலத்தை எரித்துவிடாமல் வைத்துக்கொள்கிறது. கடலை ஒட்டிக் குளிர்ச்சியும் ஈரமும் மிகுந்த வால் தோ சல்னேஸ் பகுதியின் ஒயினில் இந்தக் கூர்மை மிகுதி. மீன்யோ ஆற்றோடு உள்நாட்டுப் பக்கம் தள்ளியிருக்கும் கொந்தாதோ தோ தேயாவின் ஒயின் வெப்பத்தால் சற்றுக் கனிந்தது. உப்புச் சுவை என்ற பேச்சுக்கு உணவும் ஒரு காரணமாக இருக்கலாம். கழிகளில் மிதக்கும் மரத்தட்டிகளிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டு வளர்க்கும் மட்டிச் சிப்பிகளோடுதான் அந்த ஒயினை அருந்துவது வழக்கம்.

ஒயினின் தன்மை கொடியால் வருவதா, இடத்தால் வருவதா என்பதில் ஒயினைச் சட்டப்படி பகுத்தவர்களும் தடுமாறியிருக்கிறார்கள். 1980இல் அங்கே திராட்சையின் பெயரில், அல்பரீன்யோ என்றே தகுதிக்குறி (சட்டம் ஒயினுக்குத் தரும் சான்றுப் பெயர்) கொடுத்தார்கள். ஸ்பெயின் 1986இல் ஐரோப்பியக் கூட்டமைப்பில் சேர்ந்த பின், தகுதிக்குறி இடத்தின் பெயரில்தான் இருக்க வேண்டும் என்றானதால், 1988இல் ரியாஸ் பைஷாஸ் என்ற பெயர் வந்தது. என் மனத்துக்கு அதுவே சரியான பெயர். கொடி மட்டும் அந்த ஒயினை உண்டாக்குவதில்லை.

கன்றைப் பற்றிய என் பதிலும் இதுவேதான்: வாங்க வேண்டாம். அந்தக் கரை 42 பாகை வடக்கில் இருக்கிறது. நீங்கள் 13 பாகைக்கும் தெற்கே இருக்கிறீர்கள். குளிர்கால உறக்கம் கேட்கும் கொடி அது. கன்று உண்மையிலேயே அந்த இரகம்தானா என்பதும் கேள்வி. ஸ்பெயினின் சேகரிப்பிலிருந்து முறைப்படி ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற அல்பரீன்யோ என்னும் செடிகளை விவசாயிகள் நட்டு, ஒயினும் எடுத்து, அப்பெயரிலேயே விற்ற பிறகு, அவை சாவன்யான் என்னும் வேறொரு இரகம் என்று 2009இல் மரபணுச் சோதனை காட்டியது. அரசு நிறுவனங்களின் கைவழியாக வந்ததற்கே அந்தக் கதி என்றால், ஒருவர் வாய்ச்சொல்லை நம்பி ஓர் ஏக்கரை மாற்றலாமா? உங்கள் பெங்களூர் ப்ளூ வேறு சில நோய்களைத் தாங்கினாலும் அடிச்சாம்பலுக்கு இடங்கொடுக்கும் இரகம். குலை வீணாவதற்குப் பந்தல் மிகவும் அடைத்துப்போயிருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வரும் கவாத்தின்போது இரண்டு வரிசையில் மட்டும் பக்கக் கிளைகளைக் கூடுதலாகக் கழித்து, குலைக்கு அருகே மறைக்கும் இலைகளைக் கிள்ளிவிட்டுப் பாருங்கள். நிழல் முற்றும் போய்விடக் கூடாது. நண்பகலில் பந்தலுக்கடியில் ஒளிப்பொட்டுகள் சிதறித் தெரியும் அளவு போதும். மூட்டம் வந்து பத்தாம் நாள், மற்ற வரிசைகளோடு ஒப்பிட்டு இலையின் அடிப்புறத்தைப் பார்த்து எனக்கு எழுதுங்கள். அதையும் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து