வளவில் ஒரு கச்சேரி

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஐயா காலத்து வீடு ஒன்று இருக்கிறது. இன்றைக்குப் பதினோரு புள்ளிக்கு, அதாவது பதினோரு குடும்பத்துக்கு, அதில் பங்கு. பூட்டியே கிடந்த முகப்பையும் பட்டாலை என்கிற கூடத்தையும் பங்காளிகள் எல்லோரும் ஒத்துக்கொண்டு சின்ன மியூசியமாக்கினோம். ரவிவர்மா அச்சுப் படங்கள், தஞ்சாவூர்ப் படங்கள், பர்மாவிலிருந்து வந்த அரக்குச் சாமான்கள், பீங்கான், பழைய புகைப்படங்கள் எல்லாம் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள்தான் குறைவு. மாதம் ஒரு கச்சேரி, அப்புறம் பிள்ளையார் நோன்பு, பொங்கல் என்று விழாக்கள் வைத்தால் ஆள் வருவார்கள் என்று இளையவர்கள் நாங்கள் சொல்கிறோம். பெரியப்பா, “இது மியூசியமா, கல்யாண மண்டபமா?” என்கிறார். சென்னைக்குப் பக்கத்தில் பழைய வீடுகளை வைத்து அமைத்த தட்சிணசித்ரா மியூசியத்தில் நடக்கவில்லையா என்று கேட்டால் கோபம் வருகிறது. படம் பார்க்கிற இடத்தில் பாட்டு எதற்கு என்பது அவர் கட்சி. நீங்கள் எந்தக் கட்சி?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கும் வாசகி)

*

அன்புள்ள சகோதரிக்கு,

பெரியப்பாவிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். அந்த வீடு கல்யாண மண்டபம்தான். அவ்வளவு பெரிய நடுமுற்றமான வளவும், சுற்றிலும் தாழ்வாரப் பத்தியும், நூற்றுக்கணக்கான பேர் பந்தியில் உட்காரும் கூடமும் பின்னே எதற்காகக் கட்டினார்கள்? நாள்கணக்கில் கல்யாணம் நடக்க, மேளக்காரர்களும் பாட்டுக்காரர்களும் வந்து தங்க. அங்கே பாட்டு புதிதாக நுழையவில்லை. மியூசியம்தான் புதிதாக வந்திருக்கிறது.

உங்கள் பக்கத்து மண்ணுக்கு இது அந்நியமும் இல்லை. காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் இருவரும் மைக் புழக்கத்துக்கு வருமுன்பே வீணையில் பேர் வாங்கியவர்கள். மூத்தவர் வீணையைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்து வாசிப்பார். இளையவருக்கு 1952இல் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசைக்காகச் செய்ததைச் செட்டிநாட்டுக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

படமும் பாட்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாமா என்பதற்கு வெளியூரில் நல்ல சாட்சி இருக்கிறது. 1939இல் போர் தொடங்கியதும் லண்டன் நேஷனல் கேலரி தன் ஓவியங்களைப் பத்திரமான இடங்களுக்கு அனுப்பிவிட்டது. பின்னர் அவை வேல்ஸ் நாட்டு மலைக்குள் ஒரு கற்பலகைச் சுரங்கத்தில் இருந்தன. கேலரியில் வெறும் சுவர்தான் மிச்சம். மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் அங்கே கச்சேரி வைக்கலாமா என்று கேட்டார். இயக்குநர் கென்னத் கிளார்க், எப்போதாவது என்ன, தினமும் வையுங்கள் என்றார். இரவில் விளக்கெரியக் கூடாது என்ற கட்டுப்பாட்டால் கச்சேரிகள் மதியச் சாப்பாட்டு வேளையில் நடந்தன. கட்டணம் ஒரு ஷில்லிங். 1946 வரை 1,698 கச்சேரிகள். எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொன்று. 1942 முதல், சுரங்கத்திலிருந்து மாதம் ஒரே ஓர் ஓவியத்தை மட்டும் கொண்டுவந்து மாட்டினார்கள். அந்த ஒன்றைப் பார்க்கவும் ஜனம் வந்தது.

இதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கச்சேரி அன்று பட்டாலை முழுவதையும் திறந்து போடாதீர்கள். ஒரே ஒரு படம், அல்லது ஒரே ஒரு அரக்குப் பெட்டி. அது யார் எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தது என்று வீட்டார் ஒருவர் பத்து நிமிடம் பேசட்டும். அப்புறம் பாட்டு. எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பார்த்துவிட்டவர் இரண்டாம் முறை வர மாட்டார்.

சரி, பெரியப்பாவின் நியாயமான பாதிக்கு வருகிறேன். அவர் பயப்படுவது சாமான்களை நினைத்து என்றால் அது சரியான பயம். உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் மூச்சிலும் வியர்வையிலும் மணிக்குச் சுமார் 50 கிராம் ஈரத்தை வெளியே விடுகிறார். நூறு பேர் இரண்டு மணி நேரம் இருந்தால் 10 லிட்டர். மூடிய பட்டாலைக்குள் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுபோய்த் தெளித்த மாதிரி. காகிதத்தில் அச்சான ரவிவர்மா படத்துக்கும் மரப்பலகையில் ஒட்டிய தஞ்சாவூர்ப் படத்துக்கும் இதைவிடக் கெடுதல் வேண்டாம். வெளிச்சமும் அப்படித்தான். காகிதத்துக்கும் துணிக்கும் 50 லக்ஸுக்கு மேல் போகக் கூடாது என்பது மியூசியக்காரர்கள் வைத்திருக்கும் அளவு. வீடியோ எடுப்பவர் கொண்டுவரும் விளக்கு அதைப் பல மடங்கு தாண்டிவிடும்.

ஆனால் உங்களிடம் வளவு இருக்கிறது. மேலே வானம். ஈரமும் சூடும் தானாகப் போய்விடும், சத்தமும் கொஞ்சம் போய்விடும். கச்சேரியை வளவில் வைத்து, பட்டாலைக் கதவைச் சாத்திவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மழைக்காலத்தில் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

மைக் மட்டும் வேண்டவே வேண்டாம். இதில் நான் பிடிவாதக்காரன். ஆத்தங்குடிக் கல், இத்தாலிச் சலவைக்கல், கண்ணாடி போல மின்னும் சுண்ணாம்புப் பூச்சு, இவை எதுவும் சத்தத்தை விழுங்காது, திருப்பித்தான் அடிக்கும். நாலு ஸ்பீக்கர் வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். பல வருடமாக ஆணி மாற்றாமல் தொங்கும் கண்ணாடிச் சட்டங்களும் கூட அதிரும். தரையில் ஜமுக்காளம் விரித்து அறுபது பேரை உட்கார வையுங்கள். விரிப்பும் ஆட்களும் எதிரொலியைக் குறைப்பார்கள். மைக் இல்லாமல் அறுபது பேருக்குக் கேட்கிற இசை எதுவோ அதுவே உங்கள் வீட்டுக்கு ஏற்றது. வீணை, புல்லாங்குழல், ஓதுவார் பாடும் தேவாரம். உங்கள் வீட்டு ஆச்சிகளுக்குத் தெரிந்த தாலாட்டும் அதில் சேரும், அதை விட்டுவிடாதீர்கள். நாதஸ்வரமும் தவிலும் வேண்டுமென்றால் வாசலில். அது தெருவுக்கும் கோயில் வீதிக்கும் ஆன வாத்தியம்.

பாஸ்டனில் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் என்ற சீமாட்டி நடுமுற்றம் வைத்து ஒரு மாளிகை கட்டி, சேர்த்த கலைப்பொருட்களை அதில் வைத்தார். 1903 புத்தாண்டு நாளில் திறந்தபோதே பாஸ்டன் சிம்பொனிக்காரர்கள் வாசித்தார்கள். பிறகு பல காலம் சித்திரம் நெய்த திரைச்சீலைகள் தொங்கும் அறையில் கச்சேரி நடந்தது. கடைசியில் பழைய கட்டடத்தின் மேல் சுமையைக் குறைக்கப் புதுக் கட்டடம் எழுப்பி, 2012இல் இசைக்கென்று தனிக் கூடம் திறந்தார்கள். தட்சிணசித்ராவுக்கும் பதில் இதில் இருக்கிறது. முட்டுக்காட்டில் 1996இல் திறந்த அந்த இடம் வருகிறவர்களை மனதில் வைத்தே அமைத்தது. செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்துக் கொண்டுபோய் வைத்தார்கள், நிகழ்ச்சிகளுக்குத் தனியே திறந்தவெளி அரங்கும் இருக்கிறது. உங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் அளவு சிறிதாக இருக்க வேண்டும்.

விழாக்களில் மட்டும் நான் பெரியப்பா கட்சி. பிள்ளையார் நோன்பை நிகழ்ச்சியாக்காதீர்கள். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் வீட்டுப் பெரியவர் கையால் இழை எடுத்துக்கொள்வதை, அதாவது திரி ஏற்றிய மாவை வாங்கி உண்பதை, சுற்றி நின்று போனில் படம் பிடிக்க ஒரு கூட்டத்துக்கு டிக்கெட் விற்பதா? அன்று மியூசியத்தை மூடிவிடுங்கள். நண்பர்கள் வந்தால் வரட்டும், விருந்தாளியாக. பொங்கலுக்கும் மேடை வேண்டாம். நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல் ஊரறிய நடக்கிறது, வெளியூர்க்காரர்களை அங்கே அழைத்துப் போங்கள்.

இன்னும் ஒன்று. பாடுகிறவருக்குச் சன்மானத்தை முன்பே பேசி முன்பே கொடுத்துவிடுங்கள். ‘எங்கள் வீட்டில் வாசிப்பதே பெருமை’ என்று சொல்லிக் கலைஞரைச் சும்மா வரவழைக்கும் பழக்கம் இப்போது அதிகமாகிவிட்டது. பதினோரு புள்ளியும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் வருடத்துக்கு நாலு கச்சேரி நடத்தலாம். மாதம் ஒன்று வேண்டாம். காரைக்குடிக் கம்பன் கழக விழாவை நேரம் தவறாமல் நடத்திய சா. கணேசனின் பக்கத்து ஊர்க்காரர்கள் நீங்கள், குறித்த நேரத்தில் தொடங்குங்கள். பலகாரத்தை வீட்டின் பின்பக்கத்து இரண்டாம் கட்டுக்குள் வையுங்கள், பட்டாலைப் பக்கம் எறும்பு வராது.

முதல் கச்சேரிக்குத் தேதி முடிவானால் எழுதுங்கள். வெள்ளைப் பணியாரம் உண்டா என்றும்.

அன்புடன்