மழைக்கடலோரம் பிள்ளைகளுடன் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் பயணக் குறிப்புகளை நானும் கணவரும் விடாமல் படிக்கிறோம். இந்தச் செப்டம்பரில் தாய்லாந்தின் மேற்குக் கரையில் 14 நாள் சுற்றிவரலாம் என்று இருக்கிறோம். இருவருக்கும் விடுப்பு ஒத்துவருவது இந்த மாதத்தில்தான். 11 வயது மகள், 6 வயது மகன், நாங்கள் இருவர். பெட்டி கிடையாது, ஆளுக்கொரு முதுகுப்பை. ரனோங்கில் தொடங்கி காவ் லக், ஃபுக்கெட், பீ பீ, லந்தா, திராங், லீப்பே என்று ஏழு இடம் குறித்திருக்கிறோம். மழைக்காலம் என்பதால் அறை வாடகை குறைவு. ஏழுக்கும் இப்போதே பணம் கட்டிவிடலாம் என்கிறார் கணவர். மாமியார்தான் "மழையில பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கடலுக்குப் போறீங்களா?" என்று கேட்டதோடு பேச்சையே நிறுத்திவிட்டார். பெய்தால் நனைவோம், அவ்வளவுதானே என்று எனக்குத் தோன்றுகிறது. என்ன பை வாங்கலாம், என்ன மழைக்கோட்டு வாங்கலாம் என்று சொல்லுங்கள் அக்கா.

பி.கு.: மழை பெய்தால் கடலில் உப்பு குறையுமா என்று சின்னவன் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். எங்களுக்குப் பதில் தெரியவில்லை.

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

போய்வாருங்கள். பிள்ளைகளோடு மழைக்காலத்தில் போவதில் ஒரு தப்பும் இல்லை. உங்கள் மாமியார் பயப்படுவது மழைக்கு என்றால் சமாதானம் சொல்லிவிடலாம். கடலுக்கு என்றால் நானும் அவர் பக்கம்தான்.

பையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த முன்பணம். தயவுசெய்து கட்டாதீர்கள்.

ஏழு வருடத்துக்கு முன்னால் இதே கரையில், இதே செப்டம்பரில், நானும் கணவரும் எட்டு வயது மகளும் ஒரு படகுத்துறையில் நின்றோம். எதிர்த் தீவில் மூன்று ராத்திரிக்கு அறைப்பணம் கட்டியாயிற்று. போகாவிட்டால் திரும்பி வராது. முந்தின இரவு முழுக்கக் காற்று. துறையில் கட்டியிருந்த மீன்பிடிப் படகுகளில் ஒன்றுகூடக் கடலுக்குப் போகவில்லை. அதைப் பார்த்தேன், பார்த்தும் மனதில் வாங்கிக்கொள்ளவில்லை. வேகப்படகுக்காரர் "நாற்பதே நிமிடம்" என்றார். ஏறிவிட்டோம். பெரியவர்களுக்கான மிதவை அங்கி மட்டும்தான் இருந்தது. மகளுக்கு மாட்டினால் தோள்பட்டை காது வரைக்கும் ஏறிக்கொண்டது, கீழே தொளதொளவென்று தொங்கியது. என் துப்பட்டாவால் அவள் இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். முனையைத் தாண்டியதும் படகு ஒவ்வொரு அலையின் உச்சியிலிருந்தும் தொப்பென்று விழ ஆரம்பித்தது. ஓயாமல் பேசுகிற பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கட்டைவிரலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். கரையிறங்கிப் பார்த்தபோது விரலில் அவள் நகத்தடம் நான்கு பதிந்திருந்தது.

அன்று எங்களைப் படகில் ஏற்றியது அந்த அறைப்பணம்தான். அது மட்டும் இல்லையென்றால் அந்த வானத்தைப் பார்த்ததுமே மகளைக் கூட்டிக்கொண்டு திரும்பியிருப்பேன். அதற்குப் பிறகு மழைக்காலப் பயணத்துக்கு நான் போடுகிற திட்டம் எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும்தான் பார்க்கிறேன்: எந்தக் காலையிலும் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல முடிய வேண்டும், சொன்னால் ஒரு காசும் போகக் கூடாது. தண்ணீரைத் தாண்டி இருக்கிற எந்த இடத்துக்கும் முன்பணம் வேண்டாம். ஆள் வராத மாதம் அது. இறங்கிய பிறகு கேட்டாலே அறை கிடைக்கும்.

அந்தக் கரையின் மழையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இது இன்னும் புரியும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று அந்தமான் கடலைக் கடந்து வந்து நேராக அங்கே மோதுகிறது. நீங்கள் தொடங்க நினைக்கும் ரனோங் தாய்லாந்திலேயே அதிகம் மழை பெறும் மாகாணங்களில் ஒன்று. ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல். செப்டம்பர் மழை உச்சத்தில் இருக்கும் மாதம். ஆனாலும் நாள் முழுக்கக் கொட்டிக்கொண்டே இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கொட்டும், விடும், பளீரென்று வெயிலடிக்கும், மறுபடி இருட்டும். இதில் ஏமாற்றுவது அந்த வெயில்தான். அலை எங்கோ தொலைவில் காற்றடித்த கடலில் கிளம்பி வருவது. உங்கள் தலைக்கு மேல் வானம் தெளிந்தால் அது அடங்கிவிடாது. கரையில் சட்டை காய்ந்துகொண்டிருக்கும், வெளியே கடலில் மூன்று மீட்டர் அலை ஓடிக்கொண்டிருக்கும்.

2018-ஐ நினைத்துப் பாருங்கள். ஜூன் 23 அன்று வடக்கே தாம் லுவாங் குகைக்குள் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். எல்லாரும் மீட்கப்பட்ட ஜூலை 10 வரை உலகமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அந்தப் பதினெட்டு நாளுக்கு நடுவில், ஜூலை 5 அன்று, ஃபுக்கெட் அருகே சுற்றுலாப் படகு ஒன்று அலையில் மூழ்கி 47 பேர் இறந்தார்கள். சிறுவர்களின் பெயர் நமக்கு மனப்பாடமானது. படகு பலருக்கு நினைவிலேயே இல்லை. அன்றைக்கு வானிலை எச்சரிக்கை இருந்தது. தாய்லாந்து வானிலைத் துறை தினமும் அறிக்கை விடுகிறது, ஆங்கிலத்திலும் உண்டு. அதில் அலை உயரத்தையும், சிறு படகுகள் கரையிலேயே இருக்க வேண்டும் என்கிற வரி இருக்கிறதா என்பதையும் தினம் காலையில் பாருங்கள். அந்த வரி இருந்தால் அன்றைக்குப் படகு கிடையாது. இந்த வேலையை 11 வயது மகளிடம் கொடுத்துவிடுங்கள். என் மகள் அந்த வயதில் இதைச் செய்தாள். "இன்னிக்கு வேண்டாம்மா" என்று அவள் சொன்னால் நாங்கள் மறுபேச்சு பேசியதில்லை.

இனி உங்கள் ஏழு இடம். பதினான்கு நாளில் ஏழு இடம் என்றால் இரண்டு நாளைக்கு ஒரு முறை நனைந்த துணியை மூட்டை கட்ட வேண்டியிருக்கும். மூன்றாகக் குறையுங்கள். லீப்பேயை இந்த முறை விட்டுவிடுங்கள், திறந்த கடலில் போக வேண்டிய தீவு. பீ பீ போவது அங்கே இருக்கிற மாயா விரிகுடாவைப் பார்க்கத்தான் என்றால், ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அது மூடியிருக்கும். காவ் லக்கிலிருந்து படகில் போகும் சிமிலன் தீவுகளும் மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடல். மூடி வைக்கிறார்களே என்று வருத்தப்பட வேண்டாம். பவளமும் கரையும் மூச்சு விட்டுக்கொள்ளட்டும்.

நான் போட்டால் இப்படிப் போடுவேன். முதல் ஐந்து நாள் காவ் சொக். காவ் லக்கிலிருந்து உள்ளே போனால் வரும் மழைக்காடு. மழையில் பார்க்க வேண்டிய காடு அது. இலைக்கு இலை சத்தம் மாறும். ஆனால் குகை எதற்குள்ளும் போகாதீர்கள், யார் கூப்பிட்டாலும். அடுத்த ஐந்து நாள் லந்தா. தீவுதான், ஆனால் பெரிய கடலில் இறங்க வேண்டியதில்லை. கிராபியிலிருந்து வேனில் ஏறினால், வண்டியைச் சுமக்கும் படகு குறுகலான நீர்ப்பரப்பைக் கடந்து கொண்டுபோய் விட்டுவிடும். மிச்ச நாளுக்குத் திராங். அங்கிருந்து கந்தாங் வரைக்கும் ரயில் போகிறது. அந்தக் கடலோரத்தில் தண்டவாளம் வந்து முடிகிற ஒரே ஊர், சின்னவனுக்குப் பிடிக்கும். மேற்குக் கரையில் நான்கு நாள் தொடர்ந்து கொட்டினால் சூரத் தானி வழியாகக் கிழக்குக் கரைக்குத் தாண்டிவிடலாம். கோ சமுய் பக்கம் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். செப்டம்பரில் மேற்கைவிட அங்கே பொறுக்கும்படி இருக்கும். இந்தக் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான் முன்பணம் வேண்டாம் என்கிறேன்.

குளிப்பது பற்றி. மேற்குப் பார்த்த கரைகளில், ஃபுக்கெட்டின் கரோன், கத்தா உட்பட, இந்த மாதங்களில் கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டம் உருவாகும். அதைப் பார்க்கப் பழகுங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடையும், நடுவில் ஒரு சந்து மட்டும் கருப்பாக, அமைதியாகக் கிடக்கும். தெரியாதவர்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சரியாக அந்த இடத்தில்தான் இறங்குவார்கள். இழுத்தால் கரையைப் பார்த்து நீந்தக் கூடாது. மிதக்க வேண்டும், கையை உயர்த்த வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாக நகர்ந்து வெளியே வர வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் முழங்கால்கூட நனைய வேண்டாம். இடி கேட்டால் கரையைவிட்டு எழுந்துவிடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி ஆன பிறகு திரும்பி வரலாம்.

பைக்கு வருகிறேன். பையின் பெயர் முக்கியமில்லை, எடைதான் முக்கியம். பிள்ளை எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். சின்னவன் 20 கிலோ என்றால் தண்ணீர் பாட்டிலோடு சேர்த்து 2 கிலோ. பைக்கு மேலே மாட்டும் மழையுறையை நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். பைக்குள்ளேயே ஒரு கெட்டியான பெரிய பிளாஸ்டிக் பையைப் போட்டு, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து வாயை முறுக்கிக் கட்டுங்கள். பருத்தித் துணி வேண்டாம், காயாது. ஆளுக்கு ஒரு ஜோடி உடையை 'ராத்திரி உடை' என்று ஒதுக்கிவிடுங்கள். அது எந்தக் காரணத்துக்கும் நனையக் கூடாது. காலையில் மறுபடி ஈரச்சட்டையை மாட்டிக்கொள்வது ஒரு நிமிடக் கஷ்டம். ராத்திரி ஈரத்தில் தூங்குவது மறுநாள் முழுவதையும் கெடுக்கும். மழைக்கோட்டு மெல்லியதாக இருந்தால் போதும், அந்த வெக்கையில் கெட்டியானதைப் போட்டால் உள்ளே வேர்வையில் நனைவீர்கள். ஐந்து மீட்டர் கயிறு ஒன்று கட்டாயம். ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கொக்கிக்குமாகக் கட்டி, மின்விசிறிக்கு நேரே துணியைப் போட்டுவிட்டு, ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து வைப்போம். நடுராத்திரி ஒரு முறை எழுந்து தாளை மாற்றுவது என் வேலை. விரலிடுக்குகளை ராத்திரி துடைத்து உலர்த்துவது பிள்ளைகளின் வேலை. அதை விட்டால் நான்காம் நாள் சேற்றுப்புண் வந்துவிடும்.

தேங்கிய வெள்ளத்தில் பிள்ளைகளை இறக்காதீர்கள். எலிச் சிறுநீர் கலந்த தண்ணீர் காலில் இருக்கும் சிறு கீறல் வழியாக எலிக்காய்ச்சலைத் தரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் தெரியும், ஒரு மாதம்கூட ஆகலாம். அதற்குள் நீங்கள் வீடு திரும்பியிருப்பீர்கள். அப்போது காய்ச்சல் வந்தால் எங்கே போனீர்கள், எந்தத் தண்ணீரில் நடந்தீர்கள் என்று மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். டெங்குக் கொசு பகலில் கடிக்கும். அங்கே காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும், ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் வேண்டாம். அவசர மருத்துவ உதவிக்கு 1669, சுற்றுலாக் காவல்துறைக்கு 1155. மகள் கையிலும் எழுதிக் கொடுங்கள்.

சின்னவனுக்குப் பதில்: குறையும், ஆனால் மேலே மட்டும், கொஞ்ச நேரத்துக்கு. மழைத் தண்ணீர் கடல் தண்ணீரைவிட லேசானது. காற்று அதிகம் இல்லாத நேரத்தில் பெய்தால் மேலே ஒரு மெல்லிய தோல் மாதிரி மிதந்து நிற்கும். பிறகு அலை வந்து கலக்கிவிடும். லந்தாவில் காற்றில்லாமல் மழை கொட்டுகிற ஒரு சாயங்காலம் கிடைத்தால், இடி இல்லாமலும் கொடி சிவப்பாக இல்லாமலும் இருந்தால், அவன் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நில்லுங்கள். மேலே ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கட்டும், பிறகு கையை ஆழமாக விட்டு எடுத்து இன்னொரு தரம். ஆறு கடலில் சேரும் இடத்தில் மட்டும் வேண்டாம். மழை நாளில் அந்தத் தண்ணீர் சுத்தமாக இருக்காது. இரண்டு தரமும் ஒரே உப்பாக இருந்ததா என்று எனக்கு அவனையே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா