சின்னப் பக்கற் காலம்: மலையக உணவுச் சந்தை கேள்வி-பதில்

கேள்வி: முன்பு பெரிய பொதியாகப் போன பால்மாவும் மிளகாய்த்தூளும் இப்போது சின்னப் பக்கற்றில்தான் போகின்றன. பழைய வியாபாரம் திரும்புமா ஐயா? (கடைக்காரர், தலவாக்கலை)

பதில்: திரும்பும் என்று நம்பிச் சரக்கெடுக்க வேண்டாம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரே ஆண்டில் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. பிறகு ஏறும் வேகம் தணிந்ததே தவிர, விலை பழைய இடத்துக்கு இறங்கவில்லை, பழக்கமும் மாறவில்லை. சம்பள நாளில் மாதச் சாமான் கட்டிய வீடுகளில் இன்று கொழும்பிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் காசும் சேர்கிறது. அது வரும்போதுதான் சாமானும் வாங்கப்படுகிறது.

ஆனால் சின்னப் பக்கற்றில் நட்டம் வாங்குபவருக்குத்தான். ஒரு பேச்சுக்கு, 50 கிராம் 90 ரூபா, 400 கிராம் 600 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுச் சின்னப் பக்கற்றுக்கு 720 ரூபா ஆகிறது. தோட்டத்துப் பெண்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். கையில் மொத்தமாக 600 இல்லை, அவ்வளவுதான். பருப்பு, கடலை, மிளகாய்த்தூளை மூட்டையிலிருந்து 100 கிராமாக நிறுத்துக் கொடுங்கள். அடுத்த கடைக்குப் போக மாட்டார்கள்.

கேள்வி: குளிர்பானப் போத்தலில் செம்மஞ்சள் அடையாளம் இருந்தால் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? (தாய், ஹட்டன்)

பதில்: அந்த அடையாளம் பானத்திலுள்ள சீனியின் அளவை நிறத்தால் காட்டுவது. 2016இல் வந்த இந்த முறையில், 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால்தான் சிவப்பு. 10 கிராம் உள்ள பானத்துக்குச் செம்மஞ்சள்தான். அப்படியான அரை லீட்டர் போத்தலில் 50 கிராம் சீனி, ஏறத்தாழப் பத்துத் தேக்கரண்டி! தேநீரில் அவ்வளவு போட்டுக் கொடுப்பீர்களா?

கேள்வி: இரசாயன உரமில்லாத கரட், லீக்ஸை வாட்ஸ்அப் மூலம் கொழும்புக்கு விற்கலாமா? (விவசாயி, நானுஓயா)

பதில்: விற்கலாம். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்து விளைச்சல் விழுந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆகவே முழுத் தோட்டத்தையும் இதில் இறக்காமல் ஒரு பாத்தியோடு தொடங்குங்கள். "இயற்கை" என்று எல்லோரும்தான் எழுதுகிறார்கள். பறித்த திகதியையும் பாத்தியின் படத்தையும் அனுப்புங்கள். கொழும்பு வீட்டுக்கு ஐந்து கிலோ லீக்ஸ் வேண்டாம். பல மரக்கறிகள் கலந்த சிறிய பொதிதான் வேண்டும்.

கேள்வி: டவுனில் குரக்கன் ரொட்டி போட்டால் ஓடுமா? (பண்டாரவளை)

பதில்: ஓடும், ஆனால் கோதுமை மா ரொட்டியின் விலைக்கு விற்க நினைக்காதீர்கள். நீரிழிவுக்காரர்தான் உங்கள் முதல் வாடிக்கையாளர். கிளினிக் நாட்களில் ஆஸ்பத்திரிப் பக்கம் காலையிலேயே கடையைத் திறந்து வையுங்கள்.