மாடிப்படி கைப்பிடி ஆடுது, ஓனர் கண்டுக்கல, வாடகையை நிறுத்தலாமா?

கேள்வி: சார், சேலம் அம்மாப்பேட்டைல மாடி வீட்டுல வாடகைக்கு இருக்கோம், மாசம் 9,000. படி வெளிப்பக்கமா ஏறுது, கைப்பிடின்னு ரெண்டு பைப் படுக்கையா ஓடுது, அடியில துரு புடிச்சு ஆடுது. போன வாரம் 3 வயசு பொண்ணு அந்த சந்துல பாதி உடம்பு வெளிய போயிட்டா, மாமியார் தான் இழுத்துப் புடிச்சாங்க. ஓனர்கிட்ட சொன்னா "20 வருஷமா அப்படித்தான் இருக்கு, வேணும்னா நீங்களே வெச்சுக்கோங்க, வாடகையில கழிக்கக் கூடாது"ங்கறார். வாடகையை நிறுத்திடலாமா?

பதில்: வேண்டாங்க சகோதரி, அதை மட்டும் பண்ணாதீங்க. நிறுத்தின அன்னிக்கே கைப்பிடி பேச்சு போயி நீங்க வாடகை பாக்கி வெச்சவங்கன்னு கேஸ் திரும்பிடும், அப்புறம் உங்களை காலி பண்ண வைக்கறது தான் அவருக்கு வேலை.

இதுவரைக்கும் எல்லாம் வாயிலயே தானே சொல்லியிருக்கீங்க? அது தான் எனக்கு கவலை. நாளைக்கே ஒரு பக்கம் எழுதி, எந்த பைப் ஆடுது, குழந்தைக்கு என்ன நடந்துச்சு, எத்தனை நாளுக்குள்ள சரி பண்ணணும்னு தேதியோட போட்டு, ரிஜிஸ்ட்ரேஷன் சேவையோட ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி, போய் சேர்ந்ததுக்கான சான்றையும் வாங்கி வெச்சுக்கோங்க, வாட்ஸ்அப்லயும் போடுங்க. படிக்கட்டை போட்டோ எடுக்கும்போது அளக்கற டேப்பை வெச்சு உயரமும் இடைவெளியும் தெரியற மாதிரி எடுங்க. நாளைக்கு யாராவது விழுந்தா "எனக்கு தெரியாது"ன்னு அவர் சொல்ல முடியாது. ஆடுற கைப்பிடின்னு தெரிஞ்சும் அப்படியே விட்டு ஒருத்தருக்கு பலமா அடிபட்டா அது சிவில் நஷ்ட ஈட்டோட நிக்காது, பாரதிய நியாய சன்ஹிதாங்கற குற்றவியல் சட்டத்தோட 125ஆவது பிரிவுல அஜாக்கிரதையால கொடுங்காயம்னு போலீஸ் கேஸே வரலாம், 3 வருஷம் வரை தண்டனை.

இப்ப செலவு. 2017ல வந்த தமிழ்நாடு வாடகை சட்டம் (2019 பிப்ரவரி 22ல அமலுக்கு வந்துச்சு) கட்டமைப்பு ரிப்பேரை ஓனர் தலையில தான் வெக்குது, குழாய் வாஷர் மாத்தற மாதிரி சின்ன வேலை தான் குடியிருக்கறவங்களுக்கு. மாடிப்படி கைப்பிடி என் பார்வையில கட்டமைப்பு தான். அவர் மறுத்தா நீங்க செஞ்சுட்டு வாடகையில கழிக்கலாம், ஆனா ஒரு மாசத்துல பாதி வாடகைக்கு மேல கூடாது. வெல்டிங் கடைல 12,000 ஆச்சுன்னு வைங்க, 4,500, 4,500, 3,000ன்னு மூணு மாசத்துல கழியும். பில் வாங்காம காசு குடுத்துடாதீங்க. உங்க ஒப்பந்தம் வாடகை அதிகாரிகிட்ட பதிவாகியிருக்கான்னும் பாருங்க, ஓனர் தகராறு பண்ணா அவர்கிட்ட தான் போகணும், துணை கலெக்டர் அந்தஸ்துல இருக்கறவர். பதிவில்லைன்னா வக்கீலை பாத்துட்டு கழிங்க. வக்கீல் ஃபீஸுக்கு பயப்படாதீங்க, பெண்களுக்கு வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100க்கு போன் பண்ணாலும் சரி.

20 வருஷமா இருக்குங்கறது பதிலே இல்லைங்க. 2019 கட்டட விதிகள் புதுசா கட்டறவங்களுக்குன்னு அவர் சொல்லலாம், அது சரி தான், ஆனா அலட்சியத்தால அடிபட்டா வீடு எப்ப கட்டுனீங்கன்னு கோர்ட் பாக்காது, ஆபத்துன்னு தெரிஞ்சும் ஏன் விட்டீங்கன்னு தான் கேக்கும். நீங்க புதுசா போடும்போது தேசிய கட்டட விதித்தொகுப்பு 2016 சொல்ற அளவையே போடுங்க, படியோட நடுவுல இருந்து மேல் கைப்பிடி வரை 1 மீட்டர், கிட்டத்தட்ட மூணேகால் அடி. படுக்கை பைப் வேண்டவே வேண்டாம், குழந்தைங்க அதை ஏணி மாதிரி ஏறிடும். நெட்டுக்கம்பி, நாலு இன்ச்சுக்குள்ள இடைவெளி, அவ தலை நுழையக் கூடாது. கம்பியோட அடி படிக்கட்டுல சேர்ற இடத்துல தண்ணி நிக்காம பூசச் சொல்லுங்க, துரு அங்க தான் ஆரம்பிக்குது. நம்ம ஊரு ஏப்ரல் வெயில்ல இரும்பு பைப்பை யாரும் தொட மாட்டாங்க, புடிக்காமலே இறங்குவாங்க, அதனால மேல் பிடிக்கு மரம் போட முடிஞ்சா போட்டுடுங்க.

நாளைக்கு கேஸ்னு போனா எதிர்தரப்பு வக்கீல் "ஆபத்துன்னு தெரிஞ்சும் குழந்தையை ஏன் விட்டீங்க"ன்னு உங்களையும் கேப்பார். அதுக்காகவும் அவளுக்காகவும், தபால் போய் சேர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க, இன்னிக்கே நைலான் வலை வாங்கி அந்த பைப் இடைவெளியை மேலிருந்து கீழ வரை இறுக்கிக் கட்டுங்க, மாடி வாசல்ல அவளுக்கு எட்டாத உயரத்துல ஒரு தாழ்ப்பாள் போடுங்க.