டிரான்ஸ்பார்மர் சத்தத்தில் பழுது தெரியுமா? கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் எந்நேரமும் உறுமுகிறது. வெடித்துவிடுமா?

பதில்: உறுமல் இயல்பு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இரும்புக் கோர் நொடிக்கு 100 முறை அதிரும். சடசடவென்று பொரிந்தாலோ ஆயில் கசிந்தாலோ மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். கிட்டே போகாதீர்கள்.

கேள்வி: அண்ணா, டிப்ளமோ படிக்கிறேன். உள்ளே நடக்கும் பார்ஷியல் டிஸ்சார்ஜ் வெளியே ஒட்டிய சென்சாருக்கு எப்படிக் கேட்கிறது?

பதில்: இன்சுலேஷனில் காற்றுக் குமிழ் இருந்தால் அங்கே நுண்ணிய பொறி தட்டும் தம்பி. ஒவ்வொரு பொறியும் ஆயிலில் ஓர் அழுத்த அலையைக் கிளப்பும். டேங்க் சுவரில் காந்தப் பிடியோடு நிற்கும் பீசோ சென்சார், அதாவது அதிர்வை மின் சிக்னலாக்கும் கருவி, அதை வாங்கிக்கொள்ளும். கோர் இரைச்சல் தாழ்ந்த அலைவரிசையில் அடங்கிவிடுவதால் 150 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் கேட்போம். சென்சாருக்கு அடியில் கிரீஸை முழுதாகப் பரப்பு. நடுவே காற்று நின்றால் சிக்னல் செத்துவிடும்.

கேள்வி: பழுது இருக்கும் இடத்தை எப்படிப் பிடிப்பது?

பதில்: ஆயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 1400 மீட்டர் ஓடும். பொறி தட்டும்போதே எழும் மின் சிக்னல் வந்த கணத்திலிருந்து 1 மில்லிசெகண்ட் கழித்து ஒலி வந்தால் தூரம் 1.4 மீட்டர். மூன்று சென்சார் வைத்தால் இடம் கிடைக்கும். மின் சிக்னல் இல்லையென்றால் நான்கு வேண்டும். ஆயில் சூடேறினால் வேகம் குறையும், வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்படித்தான் கணக்குப் போட்டோம். சென்சாரை நகர்த்த நகர்த்த இடம் மாறுகிறது. ஆயிலில் கரைந்த வாயுக்களை அளக்கும் கேஸ் டெஸ்ட் இருக்க, நம்ப முடியாத இந்த வேலை எதற்கு?

பதில்: உங்களை ஏமாற்றியது எஃகு. எஃகில் ஒலி ஆயிலைவிட நாலு மடங்கு வேகமாக ஓடும். டேங்க் சுவரில் ஏறி வந்த அலை, ஆயிலில் நேராக வந்த அலையை முந்திக்கொண்டது. தாமதம் எங்கே மிகக் குறைவோ அதைத் தேடி சென்சாரை நகர்த்துங்கள். அங்கே பழுது சுவருக்கு நேர் எதிரே இருக்கும், ஆயில் வழி அலைதான் முதலில் வரும். அந்த இடத்தைச் சுற்றி மற்றவற்றை ஒட்டுங்கள்.

கேஸ் டெஸ்ட்டை நான் தள்ளவில்லை. ஹைட்ரஜன் ஏறினால் டிஸ்சார்ஜ் இருக்கலாம் என்று தெரியும். ஆனால் டேங்க்கைத் திறக்குமுன் எந்தப் பக்கம் பார்ப்பது என்று அது சொல்லாது.

கேள்வி: சரி, சென்சாரில் ஒன்றுமே வரவில்லை என்றால் நல்ல நிலை என்று எழுதலாமா?

பதில்: எழுதவே கூடாது. வைண்டிங் என்ற கம்பிச் சுருளின் ஆழத்தில் நடப்பதை பிரஸ்போர்டு என்ற இன்சுலேஷன் அட்டை விழுங்கிவிடும். இதில் உங்கள் சந்தேகம் நியாயமானது. இரண்டு டெஸ்ட்டும் வேண்டும்.

கேள்வி: மழையில் சிக்னல் குவிகிறதே?

பதில்: துளி டேங்க்கில் அடிக்கிறது. டிஸ்சார்ஜ், வோல்டேஜ் ஏறி இறங்கும் சுற்றோடு ஒத்து வரும், மழை அப்படி வராது. ஆனால் தளர்ந்த நட்டும் சுற்றோடு சேர்ந்து அதிரும். முதலில் நட்டுகளைப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுப் பக்கத்து டிரான்ஸ்பார்மரும் உறுமுகிறது. போன் ஆப்பில் பதிவு செய்து அனுப்பட்டுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். போன் மைக்குக்கு 150 கிலோஹெர்ட்ஸ் எட்டாது. கிட்டே போகாதீர்கள்.

கேள்வி: கேஸ் டெஸ்ட்டுக்கு எடுக்கும் ஒவ்வொரு ஆயில் சாம்பிளிலும் அசிட்டிலீன் கூடுகிறது. ஓடும்போதே சென்சார் ஒட்டிப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். அசிட்டிலீன் என்றால் உள்ளே ஆர்க், அதாவது பெரிய மின்பொறி, அடிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டேப் சேஞ்சரின் ஆயில் மெயின் டேங்க்குக்குள் கசிந்தாலும் ஏறும், அதையும் பாருங்கள். ஆனால் அது தெளிவாகும்வரை டேங்க்கில் யாரும் கை வைக்கக் கூடாது. லைனை நிறுத்தி, எர்த் செய்து, சென்சாரை ஒட்டி, கேபிளைக் கன்ட்ரோல் ரூமுக்கு இழுங்கள். மறுபடி மின்சாரம் கொடுப்பது என்று அதிகாரிகள் முடிவெடுத்தால், அங்கிருந்தே ரீடிங் எடுங்கள்.