சாருக்கு ஒரு சம்பளம், மிஸ்ஸுக்கு ஒரு சம்பளமா?

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒன்பது வருட அனுபவம், சம்பளம் 17,000. ‘பி’ பிரிவுக்கு அதே கணக்கு எடுக்கும் சாருக்கு 22,000. கேட்டால், “அவர் குடும்பஸ்தர்மா” என்கிறார் கரஸ்பாண்டன்ட்.
– ஆசிரியை, தண்டையார்பேட்டை

உங்கள் வீட்டிலும் உலை கொதிக்க வேண்டும்தானே அம்மா. குடும்பஸ்தர் என்பதைச் சம்பளத்துக்குத் தகுதியாகச் சட்டம் ஏற்காது. 1976-இல் வந்த சம ஊதியச் சட்டம் சொன்னதோடு அனுபவத்தையும் சேர்த்து 2019 ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது: திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு நான்கும் ஒன்றானால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம். அந்த நான்கையும் காகிதத்தில் காட்டுங்கள். பணி ஆணை, டைம் டேபிள், வாரத்துக்கு எத்தனை பீரியட், யார் கிளாஸ் டீச்சர் என எல்லாவற்றுக்கும் நகல் வேண்டும். அப்புறம் எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு.

அந்தச் சாரிடமும் பேசுங்கள். சமமாக்குகிறேன் என்று அவர் சம்பளத்தைக் குறைக்க நிர்வாகத்துக்கு உரிமை இல்லை. அது தெரிந்தால் அவரே உங்கள் பக்கம் நிற்கலாம்.

20,000-க்குக் கையெழுத்து, கையில் 12,000. ஆண் ஆசிரியர்களுக்கு இப்படி இல்லை.
– வியாசர்பாடி

படித்ததும் மனசு கனத்துப் போனது. நானும் ஒரு பள்ளியில் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் இப்படிக் கையெழுத்துப் போட்டவள். தொகை எழுதிய இடத்தைத் தலைமை எழுத்தர் உள்ளங்கையால் மூடிக்கொள்வார். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் பாஸ்புக்கைப் பாருங்கள். உங்களுக்கு எவ்வளவு சம்பளம் என்று பள்ளி காட்டியிருக்கிறது என்பது அதில் இருக்கும்.

அரசுப் பள்ளியிலும் இந்த வித்தியாசம் உண்டா?
– பெரம்பூர்

இல்லை. ஒரே பதவி என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதிய விகிதம். அங்கே 1.6.2009-க்குப் பிறகு சேர்ந்த இடைநிலை ஆசிரியர்களுக்கு, முன்பு சேர்ந்தவர்களைவிடச் சம்பளம் குறைவு என்ற குறை வேறு. அது ஆண், பெண் இருவருக்குமே.

பதினொரு வருடம் வேலை பார்த்து விலகுகிறேன். டீச்சருக்குப் பணிக்கொடை கிடையாதாமே?
– திருவொற்றியூர்

உண்டு. 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 3.4.1997 முதலே ஆசிரியர்களைச் சேர்த்துவிட்டார்கள். 2022-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஐந்து வருடம் முடித்திருந்தால் போதும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,000 என்று வைத்துக்கொள்வோம். 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 11 வருடத்தால் பெருக்கினால் 82,500 ரூபாய். உங்களோடு சேர்ந்த ஆணுக்கு 18,000 என்றால் இங்கேயும் உங்களுக்கு முப்பதாயிரத்துக்கு மேல் குறையும். அதனால் விலகல் கடிதம் கொடுக்கும் முன்பே முதல் கேள்விக்கான பதிலைப் படித்துவிடுங்கள்.