மூலத்துக்கு நத்தை மாத்திரை வாங்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 48. மூன்று மாதமாக மலத்துடன் ரத்தம் போகிறது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊரில் மூலத்துக்கு நத்தைக்கறி சாப்பிடுவார்கள். இப்போது ஒருவர் நத்தைச் சத்து மாத்திரை தருகிறார். ஆராய்ச்சியில் நிரூபித்தது என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அது மூலம்தான் என்று முடிவு செய்தது யார், மருத்துவரா, மாத்திரைக்காரரா? பெருங்குடல் புற்றுநோயிலும் ரத்தம் போகும். அரசு மருத்துவமனை அறுவைசிகிச்சைப் பிரிவில் இந்த வாரமே காட்டுங்கள். கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்யச் சொன்னால் தள்ளிப்போட வேண்டாம்.

நத்தைக்கறி நல்ல உணவு. புரதமும் கால்சியமும் உண்டு. நன்றாக வேகவைத்துச் சாப்பிடட்டும். மூலத்தை ஆற்றும் என்பதற்கு மட்டும் மனிதர்களிடம் சோதித்த உருப்படியான ஆதாரம் இல்லை. கொல்கத்தாவில் குளத்து நத்தையின் சாறு எலிகளின் மூட்டு வீக்கத்தைக் குறைத்தது உண்மை. எலியின் மூட்டிலிருந்து உங்கள் கணவரின் மூலத்துக்குத் தாவ விற்பவருக்கு ஒரு துண்டறிக்கை போதும்.

'அமெரிக்கா அங்கீகரித்த நத்தை மருந்து' என்றும் அதில் போட்டிருப்பார்கள். அது சிக்கோனோடைடு, 2004இல் அனுமதி பெற்ற வலி மருந்து. கடலில் வாழும் கூம்பு நத்தையின் நஞ்சில் கண்டுபிடித்ததை இன்று ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரிக்கிறார்கள். முதுகுத்தண்டு நீருக்குள் செலுத்துவது. விழுங்கும் மாத்திரை அல்ல. வயல் நத்தைக்கு அதில் பங்கில்லை.

அடுத்து, டப்பாவில் உள்ள 14 இலக்க எண்ணைக் காட்டி 'அரசு அனுமதி' என்பார்கள். அது உணவு உரிமம். ஊறுகாய்ப் பாட்டிலிலும் அப்படியோர் எண் இருக்கிறது! குணமாக்கும் என்று சொல்லி மருந்து விற்கக்கூடாத நோய்களின் பட்டியல் மருந்து விதிகளின் ஜே அட்டவணை; அதில் மூலமும் இருக்கிறது. ஆனால் எந்த பஸ் நிலையச் சுவரில் மூல விளம்பரம் இல்லை? புகார் கொடுத்தால் உணவுத் துறை மருந்துத் துறையைக் கைகாட்டும். மருந்துத் துறை உணவுத் துறையைக் காட்டும். இந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

பச்சையாகச் சாறு குடிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நத்தையில் இருக்கும் எலி நுரையீரல் புழு மூளை உறையைத் தாக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திக் கேட்கிறேன். அவருக்கு ஆஸ்துமா உண்டா? இறால், நண்டு சாப்பிட்டால் தடிக்கிறதா? பாய், தலையணை உதறினால் தும்மலும் இழுப்பும் வருகிறதா? அப்படியானால் கறியும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். பாய், தலையணைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சியால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேகவைத்த நத்தையே கடும் மூச்சுத்திணறலைக் கிளப்பியிருக்கிறது. இழுப்புக்கும் நத்தையே மருந்து என்று விற்கிறார்களே, அதனால்தான் இத்தனை தடவை கேட்கிறேன்.

பரிசோதனை முடியும்வரை கீரையும் தண்ணீரும் தாராளமாகக் கொடுங்கள். கழிப்பறையில் முக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். மாத்திரைக்கு முன்பணம் கொடுத்திருந்தால் ரசீது கேட்டுப் பாருங்கள்.